சிரிப்பு எடுக்காமல் விட்ட படம்

சென்னை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் மலேசியக் கடப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறந்தது செங்கல்பட்டு என்று அதில் போட்டிருக்கிறது. இருப்பது மலேசியாவில் கிள்ளான்.

"எதுக்கு வந்திருக்கீங்க பெரியவரே?"

"பழைய பாக்கி ஒண்ணு இருக்கு சார். தீர்த்துட்டுப் போகலாம்னு."

"கோயில் நேர்த்திக்கடனா?"

"அந்த மாதிரிதான்."

பக்கத்து வரிசையில் நின்ற ரூத்தைக் கை காட்டி, "அவங்க?" என்றார். எழுபத்துமூன்று வயது, ஆஸ்திரேலியக்காரி, தலையில் வைக்கோல் தொப்பி. "அவங்களுக்கும் அதே பாக்கிதான்" என்றேன். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

கிள்ளானில் ஜெனரேட்டர் கோபால் என்று கேட்டால் டாக்சிக்காரன் நேராக என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குவான். நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று என் பெயரில் பதினாறு லாரி ஓடுகிறது, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு ஜெனரேட்டர். கல்யாணம், கோயில் திருவிழா, சினிமா என்று எதுவானாலும், என் மெஷின் பாதியில் நின்றது என்று ஒரு ஆள் சொல்லிவிடட்டும் பார்க்கலாம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ரூத் சினிமா டைரக்டர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் புதுச்சேரியில் அவர் ஒரு படம் எடுத்தார். அப்போது நான் சென்னையிலிருந்து போன ஜெனரேட்டர் வண்டியின் ஆள், மலேசியா போனது அதற்குப் பிறகுதான். அந்தப் படத்துக்குக் கடைசிக் காட்சி எடுக்கப்படவே இல்லை. அதை எடுக்கத்தான் இப்போது போகிறோம். தமிழ் பேச ஆள் வேண்டும், நம்பிக்கையான ஆளாகவும் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். நம்பிக்கையான ஆள் என்று அவர் சொன்ன இடத்தில் எனக்குத் தொண்டையில் ஒரு முள் மாட்டியது. அது என்ன முள் என்று பிறகு சொல்கிறேன்.

புதுச்சேரியை நெருங்கி, பிள்ளைச்சாவடி தாண்டும்போது டாக்சியின் பின்சக்கரம் வெடித்தது. வண்டிக்காரருக்கு ஜாக்கி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. "ஓனர் வண்டிங்க சார்" என்று தலையைச் சொறிந்தார். கிள்ளானில் இப்படி ஒரு டிரைவர் என்னிடம் வேலை கேட்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவேன். சட்டையைக் கழற்றிவிட்டு நானே சக்கரத்தை மாற்றினேன். அறுபத்தெட்டு வயதில் எட்டு நிமிஷம். ரூத் ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்து, வலை காயப்போட்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பா ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கிறவர். பண்ணை பண்ணையாகப் போகிற அந்தக் கூட்டத்துக்கு அம்மா சமையல். பதினேழு வயதில் ரூத் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் பிலிம் டப்பா சுமக்கச் சேர்ந்தார். சுமந்தவர் வெட்ட ஒட்டக் கற்றுக்கொண்டார், பிறகு எடுக்கக் கற்றுக்கொண்டார். அம்மாவைப் போன்ற ஒரு சமையல்காரியைப் பற்றி முதல் படம் எடுத்தார். ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடியது. அடுத்த படத்துக்கு என்ன வேண்டும், கேள் என்றார்கள். புதுச்சேரி என்றார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "நான் வளர்ந்த ஊரில் கடல் கிடையாது. கடலை நம்பிச் சாப்பிடுகிறவர்களைப் பார்க்க ஆசைப்பட்டேன்" என்றார். புதுச்சேரியைப் படம் போட்ட தபால் அட்டை ஒன்றில் பார்த்தாராம். அவ்வளவுதான்.

அந்தப் படம்தான் அவரைக் கவிழ்த்தது. முடிவதற்கு முன்பே தயாரிப்பாளர் படப்பிடிப்பை நிறுத்தினார். ஒரு தளத்தை ஒழுங்காக நடத்தத் தெரியாத பெண் என்று கடிதம் எழுதினார். கடைசிக் காட்சி இல்லாமலேயே, எங்கிருந்தோ ஒரு சூரிய அஸ்தமனத்தை ஒட்டி வெளியிட்டார்கள். படம் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அவருக்கு யாரும் படம் கொடுக்கவில்லை. பற்பசை விளம்பரம் எடுத்தார், மாட்டு வைத்தியரைப் பற்றித் தொடர் எடுத்தார்.

டயர் விளம்பரம் ஒன்றுக்காக மலேசியா வந்தபோதுதான் நான் அவரை மறுபடி பார்த்தேன். கொட்டுகிற மழையில் ஒரு டயருக்கு எதிரே மண்டி போட்டு, நடிகையிடம் பேசுகிற மாதிரி, "கொஞ்சம் இடது பக்கம் திரும்பு கண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் என்னுடையது. புதுச்சேரியில் ஜெனரேட்டர் வண்டியோடு வந்தவன் என்று போய் அறிமுகம் செய்துகொண்டேன். அன்றிலிருந்து சிநேகிதம். டயரிடம்கூட மரியாதையாகப் பேசுகிற ஒருவர் தோற்றுப்போனவர் இல்லை என்பது என் கணக்கு. என் கணக்கு சரியாகத்தான் வந்தது. அறுபது வயதில், ஞாபகம் அழிந்துபோன தன் அம்மாவைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுத்தார். பழைய ஆட்கள் எல்லாம் திரும்ப வந்து கை குலுக்கினார்கள். அவருடைய நாட்டில் பழைய படங்களைக் காப்பாற்றி வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே அந்தப் புதுச்சேரிப் படத்தின் பிலிம், ஒலி நாடா எல்லாவற்றையும் தேடிப் பிடித்துத் துடைத்துக் கொடுத்து, "உங்கள் இஷ்டப்படி முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள்.

படத்தின் கதை எளிது. ஒரு மீனவர் கடலில் செத்துப்போகிறார். அவர் மகள் வளர்ந்து மீன் விற்கிறாள். கடைசிக் காட்சியில் அந்த மகள் வீட்டுக்கு வருகிறாள், கூடையை இறக்குகிறாள், அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவ்வளவே. மீனவராக நடித்தவர் குருசுக்குப்பத்துக் கலியபெருமாள், நிஜத்திலும் மீனவர்தான். மகளாக நடித்தது அவருடைய ஒன்பது வயது மகளே. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ, அவளே வந்து கடைசிக் காட்சியில் உட்கார வேண்டும். அன்றைக்கு அந்த இடத்தில் வேறொரு பெண் நடிப்பதாக இருந்தது; இப்போது வேறு யாரும் கூடாது என்பது ரூத்தின் பிடிவாதம்.

தங்கியது மதாம் ஜெர்மேன் வீட்டில். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இந்த ஊரில் அந்தக் குடும்பங்களை சொல்தா குடும்பம் என்பார்கள். மதாமுக்கு எண்பது வயது, தினம் மாதா கோயில் காலைப் பூசைக்கு நடந்தே போய்வருகிறார். என்னை "முசே" என்று கூப்பிட்டார், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். கிள்ளானில் சீனர்கள் என்னைத் தவுக்கே என்பார்கள், முதலாளி என்று அர்த்தம். முசேயும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதல் நாள் சாப்பாட்டிலேயே எனக்கு ஆச்சரியம். நீளமான பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்து வஞ்சிரக் குழம்பில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். மேலே முறுமுறுப்பு, உள்ளே குழம்பு ஊறி மெத்தென்று இருந்தது. எங்கள் மலேசியப் பரோட்டாவான ரொட்டி சானாயைப் பருப்புக் கறியில் முக்கித்தான் தின்ன வேண்டும் என்று முப்பது வருஷமாக வாதாடியவன் நான். அன்றைக்குக் கொஞ்சம் ஆடிப்போனேன்.

ரூத் பையிலிருந்து அந்தச் சிறுமியின் பழைய புகைப்படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கண்டுபிடிக்க இரண்டு வாரமாவது ஆகும் என்று திட்டம் போட்டு வந்திருந்தோம். மதாம் மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஒரே பார்வை பார்த்தார்.

"இது நம்ம அஞ்சலை. அந்தக் காதப் பாருங்க, அப்பிடியே இருக்குது. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு மீன் கொண்டாருவா."

இரண்டு வாரத் திட்டம் ஒரு வாய் ரொட்டியில் முடிந்துபோனது.

மறுநாள் சொன்னபடி மொபெட்டில் வந்தாள். பின்னால் பெரிய அலுமினியக் குண்டான், இடுப்பில் சொருகிய புடவை. நாற்பத்தொன்பது வயதுக்கு நல்ல திடம். பின்கட்டில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து சங்கரா மீனைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். ரூத் எதிரே கீழேயே உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அஞ்சலை ரூத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த மதாமா இது? கெழவியாயிட்டாங்க."

"எல்லாரும்தான்மா" என்றேன்.

"நடிக்கணுமா? நானா? மாட்டேன் அண்ணே."

"ஏம்மா?"

அரிவாள்மனையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "எங்க நைனாவ பொணமா படுக்க வெச்சீங்க. சினிமால பொணமா படுத்தவன எழுப்பி உக்கார வெச்சி, கேமராவப் பார்த்து சிரிக்க வெச்சிதானே அனுப்பணும்? எங்க நைனாவ சிரிக்க வெச்சீங்களா? எட்டு மாசத்துல கடல் இட்டுகினு போயிடுச்சு. கரைக்கு வந்த போட்டு, பத்தடில கவுந்துது. எங்கம்மா சாவுற வரைக்கும் அதையேதான் சொல்லிச்சி."

சினிமாவில் இது பெரிய சம்பிரதாயம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செத்தவராக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பு படத்தில் வராது. ஆனாலும் அதை எடுக்காமல் எந்தத் தமிழ் யூனிட்டும் பெட்டியை மூடாது. எமனுக்குக் கணக்குக் காட்டுகிற மாதிரி.

"இந்த மதாமுக்கு நம்ம வழக்கம் தெரியாதும்மா" என்றேன்.

"அவங்களுக்குத் தெரியாது, சரி. வெளிச்சக்காரன் ஒருத்தன் இருந்தானே, மெட்ராஸ்காரன்? அவனுக்குத் தெரியாதா? சிரிப்பு எடுக்கறதுக்கு முன்னாடி லைட்ட நிறுத்திட்டுப் போயிட்டான்னு எங்கம்மா சொல்லும். அவன் நல்லா இருப்பானா?"

நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரூத் என் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். "அப்பா செத்துப்போன வருத்தம். வேலையும் அதிகமாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவன் பாதியை முழுங்கிவிட்டேன். பதினாறு லாரிக்கு முதலாளி.

அன்று சாயங்காலம் ரூத்தும் நானும் கடற்கரைச் சாலையில் நடந்தோம். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்த ஒருவரை நிறுத்தி, "இந்தப் பக்கம் வண்டி வரக்கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது முருகேசா?" என்று பெயர் சொல்லித் திட்டினார். கிள்ளான் போலீஸ்காரருக்கு என்னைத் தவிர யார் பெயரும் தெரியாது. ரூத்திடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "அவள் இல்லாவிட்டால் எனக்கு இந்தப் படம் இல்லை, கோபால்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள், மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று நோணாங்குப்பம் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உப்பங்கழி வழியாக எதிர்க்கரை மணலுக்குப் படகு போகிறது. எங்களோடு இருபது பேர், எல்லாருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. நடுத்தண்ணீரில் இஞ்சின் இரண்டு தும்மல் போட்டு நின்றது. திடீரென்று அமைதி. திருக்கோவிலூரிலிருந்து வந்த குடும்பத்தில் ஒருவர், "நீச்சல் தெரிஞ்சவங்கல்லாம் கைய தூக்குங்க. தெரியாதவங்க அவங்க கைய புடிச்சிக்கங்க" என்றார். படகே சிரித்தது.

ரூத் மட்டும் சிரிக்கவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு முதலில் இஞ்சின்தான் கண்ணில் பட்டது. படகோட்டி, "பெரியவரே, கைய வெக்காதீங்க" என்று கத்தினார். "டீசல் லைன்ல காத்து நிக்குது தம்பி, ஸ்பானர் குடு" என்றேன். ஒரு நட்டைத் தளர்த்தி, காற்றை வெளியே விட்டு, மறுபடி முறுக்கினேன். இஞ்சின் பிடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது ரூத் தானாகவே பேசினார்.

"அன்றைக்கும் இப்படித்தான். அந்த நாளின் கடைசி ஷாட் எடுத்து முடித்தேன். மின்சாரம் போய்விட்டது, டீசல் தீர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். கும்மிருட்டு. பிணமாகப் படுத்திருந்தவர் இருட்டில் ஏதோ சொன்னார். உடனே எல்லாரும் சிரித்தார்கள். முழு யூனிட்டும். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். டீசல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கத் தெரியாத பெண் என்று. மறுநாள் காலை தந்தி வந்தது, படம் நிறுத்தம். தயாரிப்பாளரின் கடிதத்தில் முதல் காரணமே அந்த இருட்டுதான். அதற்குப் பிறகு எந்தத் தளத்தில் யார் சிரித்தாலும் என்னைத்தான் என்று நினைத்துக்கொள்வேன். டயர் விளம்பரத்தில்கூட."

படகு மணலில் முட்டி நின்றது. எல்லாரும் இறங்கி ஓடினார்கள். நான் ரூத்தைக் கைபிடித்து இறக்கி, தண்ணீர் ஓரமாகவே நிறுத்திச் சொன்னேன்.

"டீசல் தீரவில்லை ரூத். நிறுத்தியது நான்."

தொழிலில் ஒரு விதி உண்டு. "கட்" என்பது கேமராக்காரனுக்கு. "பேக்கப்" என்று, அன்றைய வேலை முடிந்ததாகச் சத்தம் வந்தால்தான் ஜெனரேட்டர்காரன் கையை வைக்கலாம். மறுநாள் விடியும்போது வேறொரு படப்பிடிப்புக்கு வண்டி சென்னையில் நிற்க வேண்டும். கோபால் வண்டி ஒரு நாளும் தாமதமாக வராது என்று எனக்கு அப்போதே ஒரு பெயர். வாசலில் வண்டியோரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே "கட்" என்று ரூத்தின் குரல் கேட்டது. நிறுத்திவிட்டேன். உதவி டைரக்டர் ஓடிவந்து, "சிரிப்பு எடுக்கலடா பாவி!" என்று கத்தினார். அதற்குள் நான் கேபிளைப் பிடுங்கிச் சுற்ற ஆரம்பித்திருந்தேன். "நாளைக்குக் காலைல வெளிச்சம் வந்ததும் மொத வேலையா எடுத்துக்கங்க" என்றேன். அந்த நாளை வரவே இல்லை.

அஞ்சலை சொன்னதையும், நான் முழுங்கியதையும் சேர்த்தே சொன்னேன். ரூத் என்னை விட்டுக் கொஞ்ச தூரம் போய், கடலைப் பார்த்து நின்றார். அவர் அடிப்பார் என்றுகூட நினைத்தேன். திரும்பி வந்து, "இதைச் சொல்லாமல் இத்தனை வருஷம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

திரும்பும் படகில் என் மூளை ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. படிக்காதவன் மூளைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, எதையும் கருவி கருவியாகத்தான் யோசிக்கும். விளக்கு என் ஜெனரேட்டரில் ஓடியது. விளக்கு போனால் படம் இல்லை. ஆனால் ஒலிப்பதிவுக் கருவி? அது பேட்டரியில் ஓடுவது! அந்த ஒலிப்பதிவாளர் பெரிய மனிதர். ஒவ்வொரு இடத்திலும் வேலை முடிந்ததும் அறையின் வெறும் சத்தம் வேண்டும் என்று ஒரு நிமிஷம் நாடாவை ஓடவிடுவார். யாராவது இருமினால் முறைப்பார்.

"ரூத், அன்றைய நாடா உங்களிடம் இருக்கிறதா?"

"எல்லாமே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பை மறுபடி கேட்க முடியாது."

"கேளுங்கள். அந்த மனுஷர் என்ன சொன்னார் என்று நான் சொல்கிறேன்."

"நான் கேட்கமாட்டேன். முதலில் கேட்க வேண்டியது அவர் மகள். அதில் ஒன்றுமே இல்லாமல் வெறும் இரைச்சல் இருந்தாலும் அவள்தான் கேட்க வேண்டும்" என்றார்.

நாலாம் நாள் காலை ஏழு மணி. அஞ்சலை பின்கட்டில் கொடுவா மீனை அரிந்துகொண்டிருந்தாள். மதாம் ஜெர்மேன் பூசையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அஞ்சல, அன்னிக்குச் சொன்னியே, வெளிச்சக்காரன்னு. அது நான்தான்மா."

கை நின்றது. மீனைப் பார்த்தாள், அரிவாள்மனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் அறுவாமனைல உக்காந்திருக்கும்போது வந்து சொல்றீயே. தைரியந்தான் உனக்கு."

அண்ணே போய் நீ வந்துவிட்டது. எனக்கு அது சரியாகவே பட்டது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், கட், பேக்கப், சென்னை வண்டி எல்லாவற்றையும். மதாம், "மோன் தியே, என் கடவுளே" என்று சிலுவை போட்டுக்கொண்டார். அஞ்சலை மறுபடி மீனை அரிய ஆரம்பித்தாள், முன்னைவிட வேகமாக.

"நீ அப்ப அந்த வூட்டுக்குள்ள இல்லையா?" என்று கேட்டேன்.

"அப்பன் அப்பிடி படுத்திருக்கறத புள்ள பாக்கக்கூடாதுன்னு அத்த வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அன்னிக்கு அந்த ரூம்ல புடிச்ச சத்தம் இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேக்கல. இந்தம்மாவும் கேக்கல. நீ கேக்கறியா?"

கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ரூத் கம்ப்யூட்டரைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார்.

முதலில் கடல் இரைச்சல். பிறகு, முப்பத்துமூன்று வயது ரூத்தின் குரல், "கட்." அடுத்து ஒரு முனகல் தேய்ந்து அடங்கியது. அது என் ஜெனரேட்டர் நிற்கிற சத்தம், எனக்குத் தெரியாதா? அப்புறம் அமைதி. அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல்:

"இன்னாடா இது? செத்தவன் தலமாட்டுல ஒரு வெளக்காச்சும் ஏத்தி வெப்பாங்க. நீங்க இருந்த வெளக்கயும் அணைச்சிட்டீங்களேடா!"

சொல்லிவிட்டு அந்த மனிதரே முதலில் சிரிக்கிறார். வயிற்றிலிருந்து வருகிற பெரிய சிரிப்பு. பின்னால் அறை முழுக்கச் சிரிக்கிறது. நடுவில் ரூத்தின் குரல் ஆங்கிலத்தில், "என்ன சொன்னார்? என்ன சொன்னார்?" என்று கேட்கிறது. யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு மறுபடி கலியபெருமாள், சிரிப்பு அடங்காமலே: "அஞ்சலையக் கூப்புடுங்க. அது நெசமாவே நான் செத்துட்டன்னு நெனச்சிக்கப் போவுது."

நாடா முடிந்தது.

அஞ்சலை கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு வாட்டி போடு" என்றாள். போட்டோம். "இன்னொரு வாட்டி." மூன்றாவது தடவை அவளும் கூடவே சிரித்தாள், கண்ணைத் துடைக்காமல்.

"எங்க நைனா கொரலே எனக்கு மறந்துபோச்சி மதாம்" என்று ரூத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

ரூத் என்னிடம் திரும்பி, நாடாவில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "என்ன சொன்னார்?"

இந்தத் தடவை ஒரு சொல் விடாமல் சொன்னேன். எங்களில் ஒருவர் செத்தால் தலைமாட்டில் விளக்கு ஏற்றுவோம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "உங்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை ரூத். சிரித்திருந்தால் என்னைப் பார்த்துத்தான்" என்றேன். அவர் மதாம் ஜெர்மேன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நாற்பது வருஷச் சுமையை இறக்குகிறவருக்குக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். எல்லாரும் கொடுத்தோம்.

எனக்கு இன்னும் ஒரு பயம் இருந்தது. "ஆனா கேமரா பாக்கலையேம்மா. இது கணக்குல சேருமா?" என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"கேமரா பார்த்தா இன்னா, பாக்காட்டி இன்னா? பொணமா படுத்தவன் சிரிச்சிட்டான். முடிஞ்சிது." குண்டானை மூடி மொபெட்டில் ஏற்றினாள். "இந்த மதாம் எங்க வூட்டுக்கு வரட்டும். வித்து முடிச்சிட்டு ஒரு மணிக்கு மேலதான் வருவேன். எனக்கு மேக்கப்பு கீக்கப்பு எல்லாம் வேணாம்."

குருசுக்குப்பத்தில், அன்று படம் எடுத்த அவர்களுடைய பழைய குடிசை இருந்த இடத்தில் இப்போது இரண்டு அறைக் காரை வீடு. வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால் கடலுக்கு அணையாகக் கொட்டிய கருங்கல். அன்று பார்த்துப் பராமரிப்புக்காக அந்தப் பக்கம் முழுக்க மின்தடை. உள் அறையில் ஒரே ஒரு சன்னல், பட்டப்பகலில் இருட்டு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பந்தல் போடுகிற கடை ஒன்றில் கையடக்க ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துவந்து, வாசலில் வைத்து, உள்ளே ஒரு விளக்கை மாட்டி, கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. ஓடியது. ரூத் கேமராவைத் தானே பிடித்தார். மைக் என் ஒரு கையில், இன்னொரு கை, ஒயர் இழுத்து உள்ளே கொண்டுவந்த சுவிட்சின் பக்கத்தில். கதவோரம் நின்றால் இரண்டும் எட்டும்.

அஞ்சலை வந்தாள். நடிக்கவே இல்லை. குண்டானை இறக்கினாள், காலை உதறினாள், அப்பாவைக் கிடத்தியிருந்த மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து பழைய சோற்றைப் பிசைந்தாள், கருவாட்டைக் கடித்தாள். ஒரு இடத்தில் பக்கத்துத் தரையை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டு, மறுபடி சாப்பிட்டாள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தண்ணீர் குடித்து டப்பாவை மூடினாள்.

"கட்" என்றார் ரூத்.

என் கை அசையவில்லை.

ரூத் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, மெதுவாக ஏதோ சொன்னார். அஞ்சலை, "இன்னா சொல்றாங்க?" என்றாள். "இதுதான் என் கடைசி ஷாட்டு, இனிமே நான் படம் எடுக்கமாட்டேன்றாங்க" என்றேன்.

அஞ்சலை எழுந்துவிட்டாள். "கடைசியா? கேமரா முன்னாடி நின்னுகினு அந்த வார்த்தய சொல்லலாமா? அதுவும் செத்தா மாதிரிதானே? ஒரு வாட்டி பட்டது போதாதா? வா மதாம், இங்க வந்து உக்காரு." கையைப் பிடித்து இழுத்து, தான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே ரூத்தை உட்காரவைத்தாள். கேமராவின் பின்னால் தானே போய் நின்றுகொண்டாள். "இது ஓடுதா பாருங்கண்ணே. சிரிக்கச் சொல்லுங்க."

மறுபடி அண்ணே ஆனதைக் கவனித்துக்கொண்டேன்.

ரூத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது வருஷம் மற்றவர்களைச் சிரி, அழு என்று சொன்னவர், பள்ளிக்கூடப் படத்துக்கு நிற்கிற பிள்ளை மாதிரி உதட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அஞ்சலை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்து, அப்பாவின் குரலிலேயே, "இன்னாடா இது? இருந்த வெளக்கயும் அணைச்சிட்டீங்களேடா!" என்றாள்.

அந்த வார்த்தைகளை அர்த்தம் தெரிந்து ரூத் கேட்ட முதல் தடவை அது. ரூத் சிரித்தார். தொப்பி விழுந்தது, அதை எடுக்கப் போய் இன்னும் சிரித்தார். அஞ்சலையும் சிரித்தாள். நான் சிரித்ததில் மைக் ஆடியது, அந்தச் சத்தமும் பதிவாகியிருக்கும்.

சிரிப்பு ஓய்ந்தது. நான் சுவிட்சைத் தொடாமல் காத்திருந்தேன். பெட்ரோல் வீணாகிறது என்றும் நினைக்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை.

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள்.

"பேக்கப்பு" என்றாள்.

அப்புறம்தான் நிறுத்தினேன்.